பழைய வால்நட் எலக்ட்ரிக் கிட்டாரைச் சோதித்து வாங்கும் முறை: கிப்சன் ‘தி பால்’ மாதிரியை முன்வைத்து

வால்நட் மரத்தாலான பழைய எலக்ட்ரிக் கிட்டாரைத் தேடத் தொடங்குபவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் கிப்சன் நிறுவனத்தின் ‘தி பால்’ ஆகத்தான் இருக்கும். 1978 முதல் 1982 வரை வெளிவந்த இந்த மாதிரியில் உடலும் கழுத்தும் வால்நட், ஃபிங்கர்போர்டு கருங்காலி, ஃப்ரெட்டுகள் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) 22, பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) மேல்மூடி இல்லாத இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்புகள். வடிவம் கிப்சனின் புகழ்பெற்ற லெஸ் பால் மாதிரிக்குரியதுதான் என்றாலும், அதன் மேப்பிள் மேற்பலகை, விளிம்பைச் சுற்றி ஓடும் வெள்ளைப் பட்டை, பளபளக்கும் பூச்சு ஆகிய எதுவும் இதில் இல்லை. உடலின் தடிமனும் குறைவு. அலங்காரத்தைக் கழித்து, விலையையும் குறைத்து விற்கப்பட்ட கிட்டார் என்பதால், அதே ஆண்டுகளில் வந்த லெஸ் பால் ஸ்டாண்டர்டைவிட இன்றும் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இதன் உடன்பிறப்பான ‘தி எஸ்ஜி’யும், 1981இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட வால்நட் ஸ்ட்ராட்டும் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி) அதே காலத்தைச் சேர்ந்தவை. கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தைத் தனியே குறிப்பிடுகிறேன்.

பழைய கிட்டாரைச் சோதிக்கும்போது எந்த வரிசையில் சோதிக்கிறோம் என்பது முக்கியம். பலரும் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்துப் பார்த்து, ஒலியில் மயங்கி, பிறகுதான் திருப்பிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. சரிசெய்ய முடியாதவற்றை முதலிலும், எளிதில் மாற்றக்கூடியவற்றைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். கரகரக்கும் வால்யூம் குமிழைச் சிறிது செலவில் சரிசெய்துவிடலாம். கழுத்தின் முறிவையும், தேய்த்து நீக்கப்பட்ட பழைய பூச்சையும் எவராலும் மீட்டுத் தர இயலாது. ஆகவே மரம், மூட்டு, பூச்சு, அதன்பின் எண்கள், இறுதியாக உலோகமும் மின்கம்பிகளும் என்ற வரிசையில் செல்வோம்.

மரத்தை உறுதிசெய்தல்

விற்பனை அறிவிப்பில் ‘வால்நட்’ என்ற சொல்லைக் கண்டவுடன் மரம் வால்நட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1970களின் கிப்சன் எஸ்ஜி கிட்டார்களில் ஏராளமானவை வால்நட் நிறச் சாயம் ஏற்றப்பட்ட மகோகனிக் கிட்டார்கள். அவை நல்ல கிட்டார்கள்தான். விற்பவரும் பொய் சொல்லவில்லை, நிறத்தின் பெயரைத்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் தேடுவது அதுவன்று.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. கிட்டாரின் பின்புறத்தில் குமிழ்களுக்கு நேர் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றி, குடையப்பட்ட பள்ளத்தின் உட்சுவரை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சோ சாயமோ சரியாகப் படியாத இடங்கள் அங்கே இருக்கும். அங்கு மரம் சாக்லேட் பழுப்பில், ஆங்காங்கே சாம்பலோ ஊதாவோ கலந்த கோடுகளுடன் தெரிந்தால் அது வால்நட். செம்மையோ இளஞ்சிவப்போ கலந்த வெளிர் பழுப்பு தெரிந்தால், மேலே எவ்வளவு கறுத்திருந்தாலும், அது மகோகனி. விற்பவர் தொலைவில் இருந்தால், அந்தப் பள்ளத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதே படம் பின்னர் மின்பாகங்களைச் சரிபார்க்கவும் உதவும்.

இந்தக் கிட்டார்களில் பயன்பட்டது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கருப்பு வால்நட். நாம் கடையில் வாங்கும் அக்ரூட் பருப்பைத் தரும் மரம் அதற்கு உறவு, ஆனால் வேறு இனம். உலர்ந்த கருப்பு வால்நட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோ எடை கொண்டது. மகோகனிக்கு நெருக்கமானது, கடின மேப்பிளைவிட இலேசானது. எனவே வால்நட் என்றாலே தோளை முறிக்கும் எடை என்ற பேச்சு இந்த மாதிரிக்குப் பொருந்தாது. உடலும் மெலிந்தது என்பதால் ‘தி பால்’ பொதுவாக நான்கு கிலோவுக்குள் நின்றுவிடும். ஆனாலும் ஒவ்வொரு பலகையும் வேறானது. ஆகையால் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

வால்நட் முதுமை அடையும் விதமும் தனி. பெரும்பாலான மரங்கள் வெளிச்சம் பட்டுக் கறுக்கும்போது, வால்நட் காலப்போக்கில் வெளிறித் தேன் நிறத்தை நோக்கி நகர்கிறது. மேலுள்ள லாக்கர் பூச்சு மஞ்சளாவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே குமிழ் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் இருக்கும் வட்டம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கறுப்பாக இருப்பது இயல்பு. நாற்பது ஆண்டுகள் வெளிச்சம் கண்ட கிட்டாரில் குமிழுக்கு அடியிலும் வெளியிலும் ஒரே நிறம் இருந்தால், பூச்சு எப்போதாவது புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

பூச்சைப் படித்தல்

‘தி பால்’ தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதன்மேல் மெல்லிய, பளபளப்பற்ற பூச்சே இருந்தது. மரத்தின் நுண்துளைகளை நிரப்பி வழவழப்பாக்கவில்லை. விரல் நகத்தை இழைக்குக் குறுக்காக மெதுவாக ஓட்டினால் சிறு சிறு பள்ளங்கள் தட்டுப்பட வேண்டும். வலது முன்கை படும் மேல்விளிம்பும், கழுத்தின் பின்புறத்தில் கட்டைவிரல் ஓடும் பகுதியும் மட்டும் தேய்ந்து மெருகேறியிருக்கும். மற்ற இடங்கள் மங்கலாகவே இருக்கும். உண்மையான புழக்கத்தின் அடையாளம் இதுவே. மேற்பரப்பு முழுதும் கண்ணாடிபோல் மின்னினால், பின்னாளில் யாரோ தேய்த்துப் புதிய பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இப்படிப் புதுப்பிக்கப்பட்ட கிட்டாரின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பழைய கிட்டார் சந்தையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. வாசிப்பதற்கு மட்டும் வாங்குபவருக்கு அது நல்வாய்ப்பாகக்கூட அமையலாம். ஆனால் அந்தக் குறைந்த விலைக்கே வாங்க வேண்டும்.

கள்ள நோட்டுகளைப் பார்க்கப் பயன்படும் சிறிய புற ஊதா விளக்கு ஒன்று கையில் இருந்தால் பெரும் உதவி. இருட்டான அறையில் அந்த ஒளியைப் பாய்ச்சும்போது பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மங்கிய பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னர் தொட்டு அடித்த இடங்கள் அப்படி ஒளிராமல் கருந்திட்டுகளாகத் தனித்து நிற்கும். இந்த விளக்கை நான் பரிந்துரைப்பது முக்கியமாக அடுத்த பகுதிக்காக.

கழுத்து: மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம்

கிப்சன் கிட்டார்களின் பலவீனம் எங்கே என்பது ஊரறிந்தது. தந்திகளை முறுக்கும் ஆணிகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அது கழுத்தோடு சேரும் இடத்தில், நட்டுக்கு (தந்திகள் தங்கிச் செல்லும் சிறு பட்டை) நேர் பின்னால், ட்ரஸ் ராடின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பி) முனைக்காக மரம் குடையப்பட்டிருக்கிறது. கழுத்திலேயே மிக மெலிந்த அந்தப் புள்ளியில் மர இழைகளும் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. ஆறு தந்திகளின் இழுவிசை, வழக்கமான பத்தாம் எண் தந்திகளில் (மெல்லிய தந்தி 0.010 அங்குலம்), மொத்தம் சுமார் 45 கிலோ. தாங்கியிலிருந்து கிட்டார் ஒருமுறை மல்லாக்க விழுந்தாலே அவ்விடம் பிளந்துவிடும். இதைத் தாங்கவே அந்தக் காலக் கிப்சன்களில் பலவற்றுக்கு நட்டின் பின்புறம் சற்றுப் புடைப்பாக மரம் விடப்பட்டது. ஆயினும் புடைப்பு இருக்கிறது என்பதாலேயே முறிவு இல்லை என்று நம்பிவிட முடியாது.

சோதிக்கும்போது ஜன்னலோரம் நின்று, ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட இணையாக உரசிச் செல்லும்படி கிட்டாரைச் சாய்த்துப் பிடியுங்கள். முறிவு பெரும்பாலும் நேர்க்கோடாக இராது; ஒரு பக்கவாட்டில் தொடங்கி, நட்டுக்குப் பின்னால் மரத்தைக் கடந்து, மறுபக்கம் சாய்வாக ஏறும். பக்கவாட்டுகளைத் தனித்தனியே பாருங்கள். மர இழைக்கோடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கழுத்திலிருந்து ஹெட்ஸ்டாக் வரை கண்ணால் தொடருங்கள். அது ஓரிடத்தில் அறுந்து, ஒரு மயிரிழை தள்ளித் தொடர்ந்தால், அங்கே ஒட்டுவேலை நடந்திருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அவ்விடத்தை வருடுங்கள். கண் தவறவிடும் சிறு மேட்டை விரல் பிடித்துவிடும்.

வால்நட்டில் ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. கறுத்த மரம் என்பதால் மெல்லிய விரிசல் எளிதில் மறைந்துகொள்ளும். மறுபுறம், இந்த மாதிரியின் பூச்சு ஒளிபுகும் தன்மையுடையது என்பதால், முறிவை மறைக்க அடிக்கப்படும் அடர்ந்த பழுப்புச் சாயம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கழுத்தின் மற்ற பகுதிகளில் இழை தெளிவாகத் தெரிய, ஹெட்ஸ்டாக்கின் கழுத்துப்பகுதியில் மட்டும் இழை தெரியாத இருட்டுத் திட்டு இருந்தால், புற ஊதா விளக்கு இல்லாமலே பதில் கிடைத்துவிட்டது. நன்கு ஒட்டப்பட்ட முறிவு பல்லாண்டுகள் தாங்கும், ஒலியிலும் வேறுபாடு தெரியாது. வாசிப்பவருக்கு அது விலக்க வேண்டிய கிட்டார் அன்று. விற்பவர் அதைத் தாமாகவே சொன்னாரா, கேட்ட பிறகு சொன்னாரா என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அடுத்து, கழுத்து உடலோடு சேரும் மூட்டு. கிப்சனில் கழுத்து ஒட்டப்படுகிறது. மூட்டின் ஓரத்தில் லாக்கரில் மட்டும் முடிபோன்ற கோடு இருப்பது வயதின் இயல்பு. கிட்டாரை மடியில் வைத்து, ஹெட்ஸ்டாக்கை மிக மென்மையாக முன்னும் பின்னும் அழுத்தும்போது அந்தக் கோடு திறந்து மூடினால், ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, வாங்க வேண்டாம்.

கழுத்தின் வளைவைப் பார்க்க, தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவு, இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட் இன்னும் திரும்புமா என்பதை அறிய வேண்டும்: விற்பவரின் அனுமதியோடு ஹெட்ஸ்டாக்கில் உள்ள மணி வடிவ மூடியைக் கழற்றி, 5/16 அங்குலக் குழாய்ச் சாவியால் கால் சுற்றுக்கு மேற்படாமல் வலப்புறம் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே முழுவதும் இறுகி நகர மறுக்கும் ராட், கழுத்து இன்னும் வளைந்தே இருக்கும் நிலை, இவ்விரண்டும் சேர்ந்தால் செலவு பெரிது. கழுத்து திருகிக்கொண்டிருக்கிறதா என்பதை உடலின் பக்கமிருந்து ஃப்ரெட்டுகளின் வழியே ஒரு கண்ணால் நோக்கி அறியலாம்.

ஃப்ரெட்டுகளில், முதல் மூன்று நான்கின் மேல் மெல்லிய தந்திகளுக்கு அடியில் பள்ளம் விழுந்திருப்பது இயல்பே. ஒருமுறை சமன்செய்தாலே போதுமா, அதற்கு உயரம் மிஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. கருங்காலியில் ஃப்ரெட் மாற்றும்போது ஓரங்கள் பெயரும் ஆபத்து உண்டு; அந்தச் செலவை விலையிலிருந்து கழித்தே பேசுங்கள்.

எண்கள் சொல்வது

ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்ட எட்டு இலக்க எண் இருக்கும். 1977இல் தொடங்கிய இந்த முறையில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டையும், இடையிலுள்ள மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், கடைசி மூன்று அன்றைய வரிசை எண்ணையும் குறிக்கின்றன. உதாரணமாக 72159148 என்ற எண்ணைப் பிரித்தால், 1979ஆம் ஆண்டின் 215ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 3, வரிசை எண் 148. அக்காலத்தில் 500க்குக் குறைந்த வரிசை எண்கள் மிச்சிகன் மாநிலத்தின் காலமசூ தொழிற்சாலைக்கும், 500 முதல் மேற்பட்டவை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் தொழிற்சாலைக்கும் உரியவை. காலமசூ ஆலை 1984இல் மூடப்பட்டது. எண்ணுக்கு அருகே தனியாக ‘2’ என்று பதிந்திருந்தால், தோற்றக்குறை காரணமாகத் தொழிற்சாலையே இரண்டாம் தரமாக ஒதுக்கி விற்றது என்று பொருள். வாசிப்புக்குக் கெடுதி இல்லை, விலைக்குத்தான்.

இந்த எண்ணை உள்ளே, குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களோடு (மாறுதடைகள்) ஒப்பிடுங்கள். பாட்களின் உலோகக் கூட்டில் 1377914 போன்ற எண் அச்சாகியிருக்கும். 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்து ஆண்டு, கடைசியில் வாரம். இந்த எடுத்துக்காட்டில் 1979இன் பதினான்காவது வாரம். கிட்டாரின் தேதிக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தைய பாட் இருப்பது இயல்பு. கிட்டாருக்குப் பிந்திய தேதியுள்ள பாட் இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டது.

பிக்கப்பும் மின்பாகங்களும்

மூலப் பிக்கப்புகள் டி-டாப் என்று அழைக்கப்படுபவை. கம்பிச் சுருள் சுற்றப்பட்ட பாபினின் மேற்புறத்தில் ஆங்கில டி எழுத்து புடைப்பாக இருப்பதால் அந்தப் பெயர். அடித்தட்டில் 2,737,842 என்ற காப்புரிமை எண் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல; கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் பதிவான தந்தி தாங்கியின் காப்புரிமை அது. கிப்சன் பொறியாளர் செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு 1959இல் கிடைத்த எண் 2,896,491. தவறான எண் இருப்பதுதான் இங்கே சரியான அடையாளம்.

பிக்கப்பைக் கழற்றாமலே அளக்கலாம். ஜாக்கில் கேபிளைச் செருகி, எல்லாக் குமிழ்களையும் பத்தில் வைத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். டி-டாப்பின் தடை சுமார் 7.5 கிலோ ஓம்; அந்தக் காலக் கிப்சன்களில் வழக்கமான 300 கிலோ ஓம் வால்யூம் பாட் அதற்கு இணையாக நிற்பதால், மீட்டரில் 7.3 அளவில் தெரியும். சுவிட்சை நடுவில் வைத்தால் ஏறத்தாழப் பாதியாகக் குறைய வேண்டும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது சுவிட்சில் தொடர்பு விட்டிருக்கலாம். சுவிட்சைப் பலமுறை அசைத்த பின் எண் திரும்பினால் கவலை இல்லை. 14 அல்லது 16 போன்ற எண் வந்தால், யாரோ கூடுதல் வலுவுள்ள பிக்கப்பைப் பொருத்தியிருக்கிறார்கள்.

துளைகளைக் கவனியுங்கள். முறுக்காணிகளைச் சுற்றிக் காலியான திருகுத் துளைகள், பின்னர் சேர்த்த சிறு சுவிட்சுக்கான ஓட்டை, தோள்பட்டை மாட்டும் பொத்தானை இடம்மாற்றிய தடம் ஆகியவை அனைத்தும் விலையைக் குறைக்கப் போதுமான காரணங்கள். உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் டியூன்-ஒ-மேட்டிக் பிரிட்ஜின் நடுப்பகுதி கீழிறங்கியிருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதியதை வாங்கிப் பொருத்திவிடலாம். கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஃபெண்டர் வால்நட் ஸ்ட்ராட்டை நாடுபவர் கவனிக்க வேண்டியது வேறு. அதில் கழுத்து திருகுகளால் பிணைக்கப்பட்டது. ஹெட்ஸ்டாக் சாய்வற்றது என்பதால் முறிவு அச்சம் குறைவு. ஆனால் கழுத்தை அரை மணி நேரத்தில் மாற்றிவிட முடியும் என்பதால், கழுத்தும் உடலும் ஒரே கிட்டாருக்குரியவைதானா என்பதை இரண்டின் நிறத்தையும் பொருந்தும் பள்ளத்தின் இறுக்கத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின்

கூரியரில் வந்த கிட்டாரைப் பெட்டியோடு ஒரு நாள் முழுவதும் அறையில் வைத்திருந்து, பிறகே திறப்பது நல்லது. குளிர்ந்த லாக்கர் திடீரென வெப்பக் காற்றைச் சந்தித்தால் வலைபோல வெடிக்கும். விற்பவரிடம், தந்திகளை ஓரிரு சுரம் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் மேலும் துணி வைத்துப் பொதியச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்ய, சற்றே ஈரமான பருத்தித் துணியும் அதன்பின் உலர்ந்த துணியும் போதும். சிலிக்கான் கலந்த மெருகுத் திரவங்களை அறவே தவிர்க்க வேண்டும். அவை திறந்த துளைகளுக்குள் இறங்கி, பின்னாளில் எந்தப் பழுதுபார்ப்புப் பூச்சும் ஒட்டாமல் செய்துவிடும். கருங்காலி உலர்ந்து வெளிறியிருந்தால், துணியில் இரண்டு சொட்டு மினரல் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள்.

பிறகு அளவுகள். புதிய தந்தி மாட்டிச் சுருதி சேர்த்து, முதலில் கழுத்து வளைவு, அடுத்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி உயரம்: தடித்த ஈ தந்திக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய ஈ தந்திக்கு 1.2 முதல் 1.5 வரை. அதன்பின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும் அங்கேயே தொட்டெழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை, பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சேணத்தை நகர்த்துங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால். பிக்கப் உயரம் கடைசி: கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில், கழுத்துப் பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே 2.4 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1.6. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய நேரிடும்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர் ஈரப்பதத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். 45 முதல் 55 விழுக்காடு உகந்தது என்றாலும், அதைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமை. பகலில் ஜன்னல் காற்றும் இரவில் ஏசியுமாக மாறும் அறையில் கிட்டாரைத் தாங்கியில் விட்டுவைக்காமல், சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டிக்குள் வையுங்கள். தாங்கியில்தான் வைப்பேன் என்றால், ரப்பர் படும் இடங்களைப் பருத்தித் துணியால் சுற்றிவிடுங்கள். ரப்பர் பட்ட இடத்தில் நைட்ரோ லாக்கர் இளகிப் பிசுபிசுக்கும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாட், பிரிட்ஜ், திருகு ஆகியவற்றைத் தேதி எழுதிய உறையில் இட்டுப் பெட்டியின் உள்ளறையிலேயே வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் பின்புற மூடியைக் கழற்றிப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது அந்த உறையை எடுத்துக் காட்டலாம்.